மியேனா சைடர் கம்: இனிப்பு நீர் வடிக்கும் யூகலிப்டஸ் பற்றித் தெரிந்தவர்கள் வரவும்

குன்னூர்க்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நீலகிரியில் வளர்ந்தவனுக்கு யூகலிப்டஸ் என்றால் ஒரே மரம்தான், எங்கள் கற்பூர மரம். 1843-இல் கேப்டன் காட்டன் என்ற ராணுவ அதிகாரி மலைக்குக் கொண்டுவந்தார், பிறகு விறகுக்காக மலை மலையாக நட்டார்கள் என்பதெல்லாம் இங்கே பலருக்கும் தெரிந்த கதை. அந்த மரத்தின் பிறந்த வீடு ஆஸ்திரேலியாவின் தெற்கே இருக்கும் டாஸ்மேனியா தீவு. அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வ மலரே அதுதான்.

அந்தத் தீவைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது, அங்கே யூகலிப்டஸ் மட்டும் சுமார் 30 இனம் இருக்கிறதாம். அதில் ஒன்று, மியேனா சைடர் கம் என்ற மரம், மியேனா என்ற சின்ன ஊரைச் சுற்றி மட்டும் வளர்கிறது. கடுங்குளிரைத் தாங்கும், இனிப்பான நீர் வடிக்கும், அது தானாகவே புளித்து மதுவாகும், இப்போது கூட்டம் கூட்டமாகக் காய்ந்து நிற்கிறது என்று படித்தேன். யூகலிப்டஸே காய்ந்து சாகிறது என்றால் எனக்கு நம்பவே முடியவில்லை. எங்கள் ஊரில் வெட்டினாலும் தழைக்கிற மரமாயிற்றே.

டாஸ்மேனியாப் பக்கம் இருப்பவர்கள் யாராவது நேரில் பார்த்திருக்கிறீர்களா?

---

செல்வி_ஹோபார்ட் எழுதியது:

பார்த்திருக்கிறேன் தம்பி. கோடையில் மரக்கன்றுகளுக்குக் கம்பிவலைக் கூண்டு போடும் தன்னார்வலர்களோடு மேலே போவது வழக்கம். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தீவின் நடுவில் ஒரு பெரிய பீடபூமி இருக்கிறது. அடியில் டோலரைட் என்ற கருங்கல், ஜுராசிக் காலத்தில் குழம்பாக ஊடுருவி உறைந்தது. பனியுகத்தில் பனிப்பாளம் தேய்த்துவிட்டுப் போனதால் எங்கு பார்த்தாலும் ஏரி, குட்டை, பாறைக் குவியல். கிரேட் லேக் என்ற பெரிய ஏரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,030 மீட்டரில் இருக்கிறது. அதன் தென்கரையில்தான் மியேனா. மீன் பிடிக்க வருகிறவர்களின் தகரக் குடில்கள், ஒரு பெட்ரோல் பங்க், அவ்வளவுதான் ஊர். பக்கத்திலேயே லியாவெனி. 2020 ஆகஸ்ட் 7 அன்று அங்கே மைனஸ் 14.2 டிகிரி பதிவானது. டாஸ்மேனியாவில் இதுவரை அளந்ததிலேயே அதுதான் மிகக் குறைவு.

இந்த மரம் எங்கே நிற்கிறது என்பதுதான் எனக்கு வியப்பு. நம் மலைகளில் உயரே போகப் போக மரம் குறையும். இங்கே தலைகீழ். இரவில் குளிர்காற்று கனத்து, தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளங்களில் தேங்கிவிடும். அதனால் பள்ளத்தின் நடுவில் வெறும் புல்தான், மரமே கிடையாது. மேட்டில் மற்ற யூகலிப்டஸ்கள் நிற்கும். அந்தப் புல்லுக்கும் மேட்டுக்காட்டுக்கும் நடுவில், கால் நனையும் ஈர மண்ணில், வேறு மரம் நிற்கத் தயங்கும் விளிம்பில் சைடர் கம் நிற்கும். காடு என்றுகூடச் சொல்ல முடியாது. இங்கே நாலு, அங்கே பத்து என்று தள்ளித் தள்ளி.

கிட்டே போய்ப் பார்த்தால் அழகான மரம். பட்டை திட்டுத் திட்டாக உரிந்து, உள்ளே வெளிர்மஞ்சள், சாம்பல், லேசான ரோஜா நிறம் எல்லாம் கலந்து தெரியும். இளங்கன்றின் இலை வட்டமாக, காம்பே இல்லாமல் எதிரெதிராகத் தண்டை அணைத்திருக்கும். மேலே வெள்ளி நீலத்தில் மெழுகுப் பூச்சு. விரலால் தேய்த்தால் பூச்சு போய் அடியிலிருக்கும் பச்சை தெரியும். மரம் பெரிதானதும் இலை நீண்டு, சாதாரண யூகலிப்டஸ் இலையாகிவிடும். மொட்டு எப்போதும் மும்மூன்றாக வரும்.

தாவரவியல்படி இது யூகலிப்டஸ் கன்னியை இனத்தின் கிளையினம், டைவாரிகேட்டா என்று பெயர். கன்னியை என்ற பெயர் ரொனால்ட் கேம்ப்பெல் கன் என்பவரை வைத்து வந்தது. கேப்டவுனில் பிறந்து, டாஸ்மேனியாவுக்கு வந்து, செடி சேகரித்து இங்கிலாந்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்தவர். ஜோசப் ஹூக்கர் 1844-இல் அந்தப் பெயரை வைத்தார். மியேனா வகையை 1938-இல் தனி இனமாகவே விவரித்திருந்தார்கள், பிற்பாடு கிளையினமாக இறக்கினார்கள்.

---

வேம்பன் எழுதியது:

மன்னிக்கவும், கொஞ்சம் கசப்பாகவே கேட்கிறேன். நான் புதுக்கோட்டைக்காரன். எங்கள் பக்கம் தைல மரக் காடு வந்தபிறகு கண்மாய்க்கு வரத்து என்ன ஆனது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். மழை பெய்தாலும் தண்ணீர் ஓடிவராதபடி வரப்பு வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் குடும்பத்து மரம் ஒன்று அங்கே காய்கிறது என்றால் எனக்கு ஏன் வருத்தம் வர வேண்டும்?

---

செல்வி_ஹோபார்ட் எழுதியது:

வருத்தப்படச் சொல்லவில்லை அண்ணா. உங்கள் கோபம் நியாயமானதுதான். ஆனால் ஒரு விவரம்: உங்கள் ஊரில் நட்டிருப்பது பெரும்பாலும் டெரெட்டிகார்னிஸ், கமால்டுலென்சிஸ் வகைகள், அவற்றின் கலப்பினங்கள். 700-க்கும் மேற்பட்ட யூகலிப்டஸ் இனங்களில் உலகம் முழுக்கத் தோட்டமாக நடுவது ஒரு கைப்பிடிதான். வேகமாக வளரும், காகிதக் கூழுக்கு ஆகும் என்று பொறுக்கி எடுத்தவை. ஒரே வயதில், நெருக்கி நட்டு, ஐந்தாறு வருடத்தில் வெட்டி, மறுபடி தழையவிட்டால் எந்த மரமும் அந்த மண்ணை உறிஞ்சத்தான் செய்யும். அந்த வரப்பை வெட்டியதும் மரம் இல்லையே.

மியேனா மரத்தை யாரும் கூழுக்கு நடவில்லை. அதன் ஊரிலேயே அது ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. இங்கே குற்றவாளிக் கூண்டில் நிற்பது ஆடு, மான், வெயில்.

---

பனங்காட்டான் எழுதியது:

அக்கா, தூத்துக்குடிப் பக்கம் நான். தாத்தா பனையேறி. அதனால் கேட்கிறேன்: இந்த மரத்தில் நீர் எடுப்பது எப்படி? நாங்கள் பாளையைக் கட்டி, நசுக்கி, தினமும் சீவிக் கலயம் மாட்டுவோம். உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். அங்கே கலயம் உண்டா? எவ்வளவு நேரத்தில் புளிக்கும்? கள் மாதிரி அன்றைக்கே குடித்துவிட வேண்டுமா?

---

செல்வி_ஹோபார்ட் எழுதியது:

நீங்கள் இதைக் கேட்பீர்கள் என்று நினைத்தேன் :)

இங்கே பாளையும் கிடையாது, கலயமும் கிடையாது. வசந்தம் முடிந்து கோடை தொடங்கும்போது மரத்தின் உள்பட்டையில் இனிப்பு நீர் ஓட்டம் பலமாக இருக்கும். அடிமரத்தில் ஒரு துளை அல்லது வெட்டு. நீர் வடிந்து, வேரடியில் தோண்டிய சிறு குழியிலோ மரத்தின் பொந்திலோ தேங்கும். மேலே ஒரு தட்டைக் கல்லால் மூடிவிடுவார்கள், இல்லையென்றால் விலங்குகள் வந்து காலி செய்துவிடும். காற்றிலும் பட்டையிலும் இருக்கும் ஈஸ்டே அதைப் புளிக்க வைக்கும். யாரும் எதுவும் சேர்ப்பதில்லை.

யாரும் வெட்டாமலே, பட்டை வெடித்த இடத்தில் தானாக வடிவதையும் பார்க்கலாம். தண்டின் மேல் பிசுபிசுவென்று கோடாக இறங்கி, கீழே வெள்ளையாக நுரைத்திருக்கும். எறும்பு வரிசை கட்டியிருக்கும். குனிந்தால் ஆப்பிள் சாறு திரிந்த மாதிரி ஒரு புளிப்பு வாடை. குடியேறிய வெள்ளைக்கார மேய்ப்பர்கள் சைடர் மரம், அதாவது ஆப்பிள் மது மரம் என்று கூப்பிட்டது இதற்காகத்தான். அவர்களும் குடித்தார்கள்.

ஆனால் இது அவர்கள் கண்டுபிடித்ததில்லை. பலாவா என்று இன்று தங்களை அழைத்துக்கொள்ளும் டாஸ்மேனியப் பூர்வகுடிகள் அதற்கும் மிக முன்பிருந்தே இந்த நீரை எடுத்து வந்திருக்கிறார்கள். அந்த மதுவுக்கு வே-எ-லீனா என்று பெயர். பீடபூமியில் வாழ்ந்தவர்களை ஆங்கிலேயர்கள் பிக் ரிவர் மக்கள் என்று எழுதி வைத்தார்கள். 1820-களில் குடியேறிகளோடு நடந்த போரில் அவர்களில் மிகச் சிலரே மிஞ்சினார்கள்.

காலனி அரசு ஜார்ஜ் அகஸ்டஸ் ராபின்சன் என்பவரை அவர்களைச் சமாதானம் பேசி அழைத்துவர அனுப்பியது. 1831 டிசம்பர் 31 அன்று, லேக் எக்கோ ஏரிப் பக்கத்தில், மான்ட்பெலியாட்டா, டாங்கர்லாங்ட்டர் என்ற இரு தலைவர்களின் கூட்டத்தை அவர் சந்தித்தார். 16 ஆண்கள், 9 பெண்கள், ஒரே ஒரு குழந்தை. ஒரு காலனியையே நடுங்க வைத்த இரண்டு இனக்குழுக்களில் மிச்சம் அவ்வளவு பேர்தான். ஒரு வாரத்தில் ஹோபார்ட் தெருவில் நடந்து வந்தார்கள், அதற்குப் பிறகு ஃபிளிண்டர்ஸ் தீவுக்கு நாடுகடத்தல். இந்த மரத்து மதுவைப் பற்றி எழுத்தில் இருப்பதில் கணிசமான பகுதி அதே ராபின்சனின் நாட்குறிப்பிலிருந்து வருகிறது. படிக்கும்போது என்னவோ செய்யும். ஒரு பக்கத்தில் அவர்கள் எப்படி மரத்தைத் துளைக்கிறார்கள் என்று ஆர்வமாக எழுதுகிறார், அடுத்தடுத்த பக்கங்களில் அவர்களை அந்த மரங்களிடமிருந்தே பிரித்துக் கூட்டிப் போகிறார்.

ஈஸ்ட் பற்றி ஒன்று. அடிலெய்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பூர்வகுடி அமைப்பின் இசைவோடு, இந்த மரங்களின் பட்டை, வடிநீர், அடிமண் ஆகியவற்றிலிருந்து மாதிரி எடுத்து, அதிலிருக்கும் நுண்ணுயிர்களை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டார்கள். எத்தனையோ வகை பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்துதான் வேலை பார்க்கின்றன. நம் கள்ளைப் போலவே இதுவும் பல உயிர்களின் கூட்டுச் சமையல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு யாரும் போய் வெட்டிக் குடிக்கக் கூடாது. மரம் ஏற்கெனவே நோயாளி. அதோடு, இசைவு தர வேண்டியவர்கள் பலாவா மக்கள்.

---

பனங்காட்டான் எழுதியது:

நன்றி அக்கா. தட்டைக் கல் விஷயம் மனதில் நின்றுவிட்டது. எங்கள் ஊரில் மரநாய்க்குப் பயந்து கலயத்தின் வாயில் முள் கட்டுவார்கள்.

---

பிரிஸ்டல்_மணி எழுதியது:

இழையை இப்போதுதான் பார்த்தேன். ஒரு வேடிக்கை சொல்கிறேன். யூகலிப்டஸ் கன்னியை இங்கிலாந்தில் தெருவுக்கு இரண்டு இருக்கிறது! நாற்றுப்பண்ணையில் சர்வசாதாரணமாகக் கிடைக்கும். கல்யாணப் பூங்கொத்துகளில் ரோஜாவுக்கு நடுவில் வெள்ளி வட்ட இலை செருகியிருப்பார்களே, பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். வருடா வருடம் வசந்தத்தில் தரையோடு வெட்டிவிட்டால் இலை எப்போதும் இளங்கன்று இலையாகவே வரும், பூக்கடைக்காரர்களுக்கு அதுதான் வேண்டும். வெட்டாமல் விட்டுவிட்டால் கிடுகிடுவென்று வளர்ந்து பக்கத்து வீட்டுக் கூரையைத் தாண்டும், அப்புறம் பஞ்சாயத்துதான். எங்கள் பின்கட்டில் ஒன்று நிற்கிறது. பத்துப் பதினைந்து வருடத்தில் பெரிய மரமாகிவிட்டது.

பிரான்சின் தென்மேற்கில் கூழ் ஆலைகளுக்காக இதை இன்னொரு டாஸ்மேனிய இனமான டால்ரிம்பிளியானாவோடு கலந்து ஒட்டுரகம் உருவாக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் ‘குண்டால்’ (Gundal). குளிர் தாங்கும் குணத்துக்காகவே கன்னியை இனத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அதனால் என் கேள்வி: இவ்வளவு தோட்டங்களில் இருக்கும் மரத்தை அழியும் மரம் என்று எப்படிச் சொல்வது?

---

செல்வி_ஹோபார்ட் எழுதியது:

மணி அண்ணா, உங்கள் பின்கட்டில் நிற்பது அநேகமாக இன்னொரு கிளையினம், வெறும் கன்னியை. அது பீடபூமியின் மற்றப் பகுதிகளிலும் தெற்கு மலைகளிலும் பரவலாக இருக்கிறது, அதற்கு இந்த அளவு ஆபத்து இல்லை. அழிவாபத்துப் பட்டியலில் இருப்பது மியேனா கிளையினம்.

அப்படியே மியேனா மரமாக இருந்தாலும், நாற்றுப்பண்ணைக் கன்றுகள் எந்த விதையிலிருந்து வந்தன, எதோடு கலந்தன என்று யாருக்குத் தெரியும்? பிரிஸ்டலில் ஆயிரம் மரம் இருப்பதால் பீடபூமியில் இந்த மரத்துக்கு வரும் போசம் என்ற விலங்குக்கோ எறும்புக்கோ ஒரு பயனும் இல்லை.

---

குன்னூர்க்காரன் எழுதியது:

அக்கா எழுதிய பனிப்பள்ளம் விஷயம் எங்கள் மலைக்கும் அப்படியே பொருந்துகிறது. அவலாஞ்சி, அப்பர் பவானிப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் பள்ளத்தாக்குப் புல்வெளி உறைபனியில் வெள்ளையாகிவிடும். சோலை மரக்கன்று வெளியே வந்தால் கருகும். புல்வெளி புல்வெளியாகவே இருப்பதற்கு உறைபனியும் ஒரு காரணம் என்று சொல்வார்கள்.

மைனஸ் 14 தாங்கும் மரம் ஏன் சாகிறது? அதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.

---

செல்வி_ஹோபார்ட் எழுதியது:

குளிரைத் தாங்கும் மரம் வறட்சியைத் தாங்க வேண்டும் என்று இல்லையே தம்பி. ஈரப் பள்ளத்தின் விளிம்புக்கென்றே அமைந்த மரம் இது. 1990-களில் தொடர் வறட்சி. அப்போதுதான் பெரிய அளவில் உச்சி காய ஆரம்பித்தது. இன்று போனால் சில இடங்களில் சாம்பல் வெள்ளையாக எலும்புக்கூடு மரங்கள்தான் வரிசையாக நிற்கும், பச்சை மரத்தைத் தேட வேண்டும்.

வறட்சி மட்டும் என்றால் மரம் மீண்டிருக்கும். யூகலிப்டஸுக்கு அந்தத் தெம்பு உண்டு. கிளை காய்ந்தாலும் தண்டின் பட்டைக்கு அடியில் தூங்கும் மொட்டுகள் விழித்துத் துளிர் விடும். இங்கேதான் போசம் வருகிறது. பூனை அளவில், மரமேறும், வயிற்றில் பையுள்ள விலங்கு. மற்ற யூகலிப்டஸ் இலைகளைவிட இந்த மரத்து இலை அதற்கு ரொம்பப் பிடிக்கும். மரம் இருப்பில் இருந்த சத்தைச் செலவழித்துத் துளிர் விடும், இரவில் போசம் வந்து ஒன்று விடாமல் தின்னும். மறுபடி துளிர், மறுபடி தீனி. சில சுற்றுகளில், மரம் சத்தைச் சேமித்து வைக்கும் வேரடிக் கிழங்கில் இருந்த இருப்பே காலி. முன்பெல்லாம் இந்த மேட்டில் குளிர்காலம் முழுக்கத் தோலுக்காகக் கண்ணி வைத்து வேட்டையாடுவார்கள், அது நின்றதும் போசம் பெருகியது, அதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. பூர்வகுடிகள் இருந்த காலத்திலும் போசம் அவர்கள் உணவு.

சரி, கிழ மரம் போகட்டும், கன்று வரலாமே? அதுவும் வருவதில்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே பாத்வெல் பக்கத்துப் பண்ணைகள் கோடையில் செம்மறி ஆட்டை இந்த மேட்டுக்கு ஓட்டி வந்தன. ஆடு, முயல், அப்புறம் வேட்டைப் பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்து விட்ட ஃபாலோ என்ற மான் வகை. எல்லாம் கன்றைக் கடித்துவிடும். பெரிய மரத்துக்கும் அடுத்த தலைமுறைக்கும் நடுவில் ஆளே இல்லை. பல இடங்களில் நான் பார்த்ததில் தாத்தா மரம் இருக்கும், அதற்குக் கீழே புல்தான்.

இதற்கெல்லாம் மேல் 2019. ஜனவரி நடுவில் மழையில்லாத மின்னல். டாஸ்மேனியா முழுக்க 2 லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. மியேனாவுக்குப் பக்கத்தில் கிரேட் பைன் டயர் பகுதியில் பிடித்த தீ பீடபூமியில் வாரக்கணக்கில் நின்றது, குடில்காரர்கள் ஊரைக் காலி செய்தார்கள். சைடர் கம் நின்ற இடங்களும் மாட்டின. எரிந்த மரம் அடியிலிருந்து துளிர்த்தது. அந்தத் துளிரைச் சுற்றி உடனே வேலி போட்ட இடங்கள் தப்பின. போடாத இடத்தில் போசத்துக்கும் மானுக்கும் விருந்து.

இப்போது செய்வதெல்லாம் கைவேலைதான். நெஞ்சளவுக்கு மேல் அடிமரத்தைச் சுற்றி வழவழப்பான தகடு கட்டுவோம், நகம் பிடிக்காமல் போசம் வழுக்கிவிடும். பக்கத்து மரத்துக் கிளை உரசினால் அந்தப் பாலத்தில் ஏறி வந்துவிடும், அதையும் கழிக்க வேண்டும். மரம் பருக்கப் பருக்கத் தகட்டைத் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் அதுவே கழுத்தை இறுக்கும். கன்றுக்குக் கம்பிவலைக் கூண்டு. டோலரைட் பாறையில் முளை அடிக்க முடியாது, பத்து முறை அடித்தால் எட்டு முறை கல்லில்தான் இறங்கும். கை மரத்துப் போகும்.

---

வேம்பன் எழுதியது:

ஆட்டை வெளியே நிறுத்தினால் பாதிப் பிரச்சினை தீரும்போல. நான் நினைத்ததைவிட நம் ஊர்க் கதை மாதிரியே இருக்கிறது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். சூடு ஏறிக்கொண்டே போகிறது என்றால், இதே இடத்தில் கூண்டு போட்டுக் காப்பாற்றுவதில் என்ன பயன்? விதையை எடுத்து இன்னும் உயரமான இடத்தில் நட வேண்டியதுதானே?

---

செல்வி_ஹோபார்ட் எழுதியது:

ஏறுவதற்கு உயரம் அதிகம் மிச்சமில்லை அண்ணா. பீடபூமி ஏற்கெனவே ஆயிரம் மீட்டருக்கு மேல், மேற்கே போனால் இன்னும் சில நூறு மீட்டர், அவ்வளவுதான். அங்கே மண்ணே மெல்லிசு, உலகப் பாரம்பரியக் காட்டுப் பகுதியும்கூட, நினைத்தபடி நட்டுவிட முடியாது. அதோடு இந்த மரத்துக்கு வேண்டியது உயரத்தைவிட ஈரமான பனிப்பள்ளம்.

விதை சேகரித்து வைப்பது நடக்கிறது. உயிரோடு இருக்கும் எல்லாக் கூட்டங்களிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுக்கிறார்கள். என் சொந்தக் கருத்து, கூண்டும் தகடும் தீர்வு கிடையாது, நேரம் வாங்குவதுதான். காய்ந்த கூட்டங்களுக்கு நடுவிலும் ஒன்றிரண்டு மரம் தழைத்து நிற்பதைப் பார்க்கிறோம். அதன் விதை வேண்டுமென்றால் அது காய்க்கும் வரை அதை உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

---

பிரிஸ்டல்_மணி எழுதியது:

அதே மியேனாவில்தானே ஒரு பொன்வண்டு, அழிந்துபோனது என்று எழுதிவிட்டு 2004-இல் மறுபடி கண்டுபிடித்தார்கள்? சைடர் மரத்தில் வாழ்வதா அது?

---

செல்வி_ஹோபார்ட் எழுதியது:

இல்லை, அது ஓசோதம்னஸ் என்ற புதரின் பூவுக்கு வருவது. அதே பீடபூமிதான், மரம் வேறு.

---

குன்னூர்க்காரன் எழுதியது:

ஜனவரியில் மெல்போர்னில் தங்கை வீட்டுக்குப் போகிறேன். அங்கிருந்து ஹோபார்ட் வந்து, இந்த மரத்தைப் பார்க்க முடியுமா? நடந்து நெடுந்தூரம் போக வேண்டுமா? ஒரு பிடி விதை எடுத்து வந்து ஊட்டியில் போட்டுப் பார்க்கலாமா என்றும் ஒரு ஆசை.

---

வேம்பன் எழுதியது:

1843 போதாதா தம்பி?

---

செல்வி_ஹோபார்ட் எழுதியது:

வேம்பன் அண்ணா முந்திக்கொண்டார் :) விதை, இலை, பட்டை எதுவும் எடுக்கக் கூடாது தம்பி. பாதுகாக்கப்பட்ட மரம், எடுத்தால் சட்டப்படிக் குற்றம். விமான நிலையத்தில் இந்தியச் சோதனை வேறு.

பார்ப்பது சுலபம். ஹோபார்ட்டிலிருந்து பாத்வெல் வழியாக ஏ5 சாலை, இரண்டு மணி நேரத்துக்குள் மியேனா. ஊரை நெருங்கும்போது சாலையோரத்திலேயே காய்ந்த மரங்கள் தெரிய ஆரம்பிக்கும். தகடு கட்டிய மரம் தெரிந்தால் அதுதான். வேலி போட்டது தனியார் பண்ணை, உள்ளே போகாதீர்கள், சாலையிலிருந்தே நன்றாகத் தெரியும். கிளம்பும் முன் காலணி அடியைத் தேய்த்துக் கழுவிக்கொள்ளுங்கள், ஃபைட்டாப்தோரா என்ற வேரழுகல் கிருமி மண்ணோடு ஒட்டி வரும். பெட்ரோலைப் பாத்வெல்லிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஜனவரி என்றாலும் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், கோடையிலும் அங்கே பனி விழும். தேதி முடிவானதும் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். அந்த வாரம் கூண்டு வேலை இருந்தால் சுத்தியல் பிடிக்க ஓர் ஆள் கூடுதலாகக் கிடைக்கும்.